மாட்டுக்கு மருந்து, கழுகுக்கு நஞ்சு

பத்தாம் வகுப்பில் கார்பன் சேர்மங்கள் பாடம் நடந்துகொண்டிருந்தது. 'கரிமச் சேர்மம்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, ஆங்கிலத்தில் இதைத்தான் ஆர்கானிக் சேர்மம் என்கிறார்கள் என்று சொன்னேன். உடனே ஒரு மாணவி எழுந்தாள்.

"சார், ஆர்கானிக்னா உடம்புக்கு நல்லதுதானே? எங்க தெருவுல ஆர்கானிக் கடை இருக்கு. மருந்தடிக்காத காய்தான் விப்பாங்க."

"காய்க்கு அடிக்கிற பூச்சிமருந்துகூடப் பெரும்பாலும் கரிமச் சேர்மம்தான்மா" என்றேன்.

அவள் உட்காரவில்லை. "அப்போ கரிமச் சேர்மம் நல்லதா, கெட்டதா சார்?"

கார்பன் இருந்தால் கரிமச் சேர்மம், அதில் நல்லதும் உண்டு, கெட்டதும் உண்டு என்று சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அந்தப் பதிலில் தவறில்லை. ஆனால் அது பதிலாகவும் இல்லை. அவள் கேட்ட கேள்விக்கு முழுமையான பதில், நம் நாட்டு ஆய்வு வரலாற்றிலேயே இருக்கிறது. வேதியியல், உயிரியல், கணக்கு, சூழலியல் நான்கும் ஒரே இடத்தில் சந்திக்கும் அந்தக் கதையைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

ஒரு சொல், இரண்டு பொருள்

முதலில் அந்தச் சொல்லின் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். உயிருள்ளவற்றிலிருந்து மட்டுமே கிடைக்கும் பொருள்கள் ஒரு வகை, கல், மண், உப்பு போன்றவை இன்னொரு வகை என்று ஒரு காலத்தில் வேதியியலாளர்கள் பிரித்தார்கள். முதல் வகையை உருவாக்க ஓர் 'உயிர் ஆற்றல்' தேவை, ஆய்வகத்தில் அவற்றைச் செய்ய முடியாது என்று நம்பினார்கள். 1828இல் ஜெர்மானிய வேதியியலாளர் ஃபிரெடெரிக் வோலர், அம்மோனியம் சயனேட்டிலிருந்து யூரியாவைப் பெற்றார். சிறுநீரில் இருக்கும் ஒரு பொருள், சிறுநீரகத்தின் துணையின்றிக் கண்ணாடிக் குடுவையில் கிடைத்துவிட்டது. அதன் பிறகு கரிம வேதியியல் என்பது கார்பன் சேர்மங்களின் வேதியியல் என்றானது. கடைப் பலகையில் இருக்கும் 'ஆர்கானிக்' என்பது பயிர் விளைவிக்கும் முறையைக் குறிக்கும் பிற்காலப் பொருள்.

ஆகவே சர்க்கரை, வினிகர், டிடிடி, பாராசிட்டமால், பாம்பின் நஞ்சில் உள்ள புரதம் எல்லாமே கரிமச் சேர்மங்கள். இவற்றை நல்லவை, கெட்டவை என்று இரு பெட்டிகளில் போட முடியுமா? யாருடைய உடலில், எவ்வளவு, எந்த வழியாக என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தெரியாமல் போட முடியாது. இதை இந்தியாவின் பாறு கழுகுகளைவிடத் தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை.

வெறிச்சோடிய வானம்

இறந்த விலங்குகளை மட்டுமே உண்டு வாழும் பெரிய பறவைகளை நாம் பிணந்தின்னிக் கழுகு என்கிறோம். சங்க இலக்கியம் அவற்றைப் 'பாறு' என்று அழைத்தது. பறவை ஆர்வலர்கள் இன்று அப்பெயரையே மீட்டெடுத்துப் பாறு கழுகு என்று எழுதுகிறார்கள்.

1980களில் இந்தியாவில் இவை மிகச் சாதாரணமான பறவைகள். உலகிலுள்ள பெரிய இரைதேடும் பறவைகளிலேயே எண்ணிக்கையில் மிக அதிகமானது நம் வெண்முதுகுப் பாறுவாக இருக்கலாம் என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. ஊருக்கு வெளியே ஒரு மாட்டின் உடல் கிடந்தால் சிறிது நேரத்தில் வானில் வட்டமிட்டு இறங்கும். பல பறவைகள் சேர்ந்து ஓரிரு மணி நேரத்தில் எலும்பை மட்டும் மிச்சம் வைக்கும்.

ராஜஸ்தானின் பரத்பூரில் கியோலாதேவ் தேசியப் பூங்கா இருக்கிறது. அங்கு பாறுகளை நீண்டகாலமாகக் கவனித்துவந்த பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் ஆய்வாளர் விபு பிரகாஷ், 1990களின் பிற்பகுதியில் ஏதோ சரியில்லை என்பதைக் கண்டார். கூடுகள் குறைந்துகொண்டே வந்தன. மரக்கிளையில் அமர்ந்திருந்த பறவைகளின் தலை தொங்கிக் கிடந்தது. மரத்தடியில் இறந்த பறவைகள் கிடந்தன. நாடு முழுவதும் சாலை வழியாக நடத்திய கணக்கெடுப்புகள் இதையே உறுதிசெய்தன. 1992க்கும் 2007க்கும் இடையில் வெண்முதுகுப் பாறுகளின் எண்ணிக்கை 99.9 விழுக்காடு சரிந்திருந்தது. ஆயிரம் பறவைகள் இருந்த இடத்தில் ஒன்று. நீள அலகுப் பாறு, மெல்லலகுப் பாறு ஆகிய இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 97 விழுக்காடு குறைந்திருந்தன. மூன்றுமே ஜிப்ஸ் என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை.

துப்பறிந்த விதம்

ஏன் இறந்தன? வகுப்பில் இந்த இடத்தில் கதையை நிறுத்திக் கேட்டால், மாணவர்கள் சொல்லும் பதில்கள் அன்றைய ஆய்வாளர்கள் எண்ணியவைதாம்: உணவு கிடைக்கவில்லை, நோய் பரவியது, பூச்சிமருந்து, மரங்கள் வெட்டப்பட்டன, யாரோ வேட்டையாடினார்கள். ஒவ்வொன்றும் ஒரு கருதுகோள். ஒவ்வொன்றையும் சோதிக்க வேண்டும்.

உணவுக்குப் பஞ்சமில்லை, கால்நடைகள் ஏராளமாக இருந்தன. மரங்கள் நிற்கும் இடங்களிலும் பறவைகள் இறந்தன. தொற்றுநோயாக இருக்கலாம் என்று பலரும் வலுவாக நம்பினார்கள். அதே வேளையில் பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்ட்சே ஓக்ஸ் தலைமையிலான பன்னாட்டுக் குழு, இறந்த வெண்முதுகுப் பாறுகளைச் சேகரித்து அறுத்து ஆராய்ந்தது. பெரும்பாலானவற்றில் ஒரே காட்சி: இதயம், கல்லீரல், சிறுநீரகம் ஆகியவற்றின் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளைப் படிவு. அது யூரிக் அமிலம். சிறுநீரகம் செயலிழந்ததன் அடையாளம்.

சிறுநீரகத்தைக் கெடுத்தது எது? வைரஸ், பாக்டீரியா ஆகியவற்றைத் தேடினார்கள், காரணமாகச் சொல்லத்தக்க எதுவும் கிடைக்கவில்லை. ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களைத் தேடினார்கள், இல்லை. பூச்சிக்கொல்லிகள், அதுவும் இல்லை. வழக்கமான சந்தேக நபர்கள் எல்லாரும் விடுதலையாகிவிட்டார்கள்.

அப்போதுதான் குழு கேள்வியை மாற்றியது. பறவையின் உடலில் என்ன இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தவர்கள், பறவை எதை உண்கிறது என்று கேட்டார்கள். அது உண்பது இறந்த கால்நடை. அப்படியானால் கால்நடையின் உடலுக்குள் என்ன போகிறது? கால்நடை மருத்துவர்களையும் மருந்துக் கடைக்காரர்களையும் கேட்டு, விற்பனையாகும் மருந்துகளைப் பட்டியலிட்டார்கள். வாய்வழியாக உட்கொண்டாலும் உடலில் சேரக்கூடியது, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடியது, அண்மைக் காலத்தில் புழக்கத்துக்கு வந்தது என்ற மூன்று சல்லடைகளில் சலித்தபோது ஒரு பெயர் மிஞ்சியது: டைக்ளோஃபெனாக்.

நமக்குத் தெரிந்த பெயர்தான். முதுகுவலிக்கும் மூட்டுவலிக்கும் மாத்திரையாகவும் களிம்பாகவும் மருந்துக் கடையில் கிடைப்பது. இரண்டு பென்சீன் வளையங்களை ஒரு நைட்ரஜன் இணைக்கிறது. ஒரு வளையத்தில் இரண்டு குளோரின் அணுக்கள், மற்றதில் ஒரு கார்பாக்சிலிக் அமிலத் தொகுதி. மூலக்கூறு வாய்பாடு C₁₄H₁₁Cl₂NO₂. 1970களில் மனிதர்களுக்காக உருவாக்கப்பட்டது. 1990களில் நம் நாட்டில் கால்நடைகளுக்கும் மலிவு விலையில் பரவலாகக் கிடைக்கத் தொடங்கியது.

சந்தேகம் ஆதாரமாவதற்கு மூன்று படிகள் தேவைப்பட்டன. முதலாவது, உடனிகழ்வு: யூரிக் அமிலப் படிவுடன் இறந்திருந்த 25 பறவைகளைச் சோதித்தார்கள், 25இலும் டைக்ளோஃபெனாக் இருந்தது. வேறு காரணங்களால் இறந்திருந்த 13 பறவைகளைச் சோதித்தார்கள், ஒன்றில்கூட இல்லை. இரண்டாவது, நேரடிச் சோதனை: காயமடைந்து மீண்டும் பறக்க இயலாத சில பாறுகளுக்கு அம்மருந்தைக் கொடுத்தபோது அதே நோய் வந்தது. மூன்றாவது, பாதையை மெய்ப்பித்தல்: மருந்து செலுத்தப்பட்ட எருமை, ஆடு ஆகியவற்றின் இறைச்சியை உண்ட பாறுகளும் அதே விதமாக இறந்தன. 2004இன் தொடக்கத்தில் 'நேச்சர்' இதழில் முடிவு வெளியானது.

முதல் படியில் வரும் அந்த 13 பறவைகளை மாணவர்கள் கவனிக்கும்படி செய்ய வேண்டும். 25இல் 25 என்பது மட்டும் போதாது. எல்லாப் பறவைகளிலும் அம்மருந்து இருந்திருந்தால், அது எதையும் நிறுவியிருக்காது. ஒப்பீட்டுக் குழு எதற்கு என்ற கேள்விக்கு இதைவிட எளிய விளக்கம் இல்லை.

பல்லி எச்சத்தின் வெள்ளை முனை

மாட்டைக் காப்பாற்றும் மருந்து கழுகை ஏன் கொல்கிறது? இங்கேதான் வோலரின் யூரியா மீண்டும் வருகிறது.

புரதம் செரித்தபின் மிஞ்சும் நைட்ரஜன் கழிவை உடல் வெளியேற்றியாக வேண்டும். மாடும் மனிதனும் அதை யூரியாவாக மாற்றி நீரில் கரைத்துச் சிறுநீராக வெளியேற்றுகிறார்கள். பறவைகளும் பல்லிகளும் நீரைச் சேமிக்க வேண்டியவை. அவை யூரிக் அமிலமாக மாற்றிக் கூழாக வெளியேற்றுகின்றன. காக்கை எச்சத்தின் வெள்ளைப் பகுதியும், சுவர்ப்பல்லி எச்சத்தின் வெள்ளை முனையும் அதுதான். மாணவர்கள் தினமும் பார்ப்பது.

ஒரு லிட்டர் நீரில் யூரியா ஒரு கிலோவுக்கு மேல் கரையும். யூரிக் அமிலமோ சாதாரண வெப்பநிலையில் 60 மில்லிகிராம் அளவுக்குத்தான் கரையும். ஆகவே பறவையின் சிறுநீரகம் ஓயாமல் வேலைசெய்து அதை இரத்தத்திலிருந்து நீக்கிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த வேலை நின்றால், கரைய இடமில்லாத யூரிக் அமிலம் உள்ளுறுப்புகளின் மேல் படிகமாகப் படிந்துவிடும். மருந்தை உட்கொண்ட பாறு ஓரிரு நாள்களில் இறப்பது இப்படித்தான்.

மாட்டின் உடல் டைக்ளோஃபெனாக்கைச் சில நாள்களில் சிதைத்து வெளியேற்றிவிடும். ஜிப்ஸ் பாறுகளால் அவ்வளவு விரைவாக முடிவதில்லை. அவற்றின் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.1 முதல் 0.2 மில்லிகிராம் மருந்தே பாதிப் பறவைகளைக் கொல்லப் போதும் என்று கணித்திருக்கிறார்கள். ஐந்து கிலோ எடையுள்ள ஒரு பறவைக்கு ஒரு மில்லிகிராம் அல்லது அதற்கும் குறைவு. நாம் விழுங்கும் 50 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் இருப்பது அத்தகைய ஐம்பது பங்கு. அமெரிக்காவில் வாழும் டர்க்கி கழுகு என்ற வேறொரு பிணந்தின்னிப் பறவைக்கோ, ஜிப்ஸைக் கொல்லும் அளவைப்போல நூறு மடங்குக்கு மேல் கொடுத்தும் இந்த நோய் வரவில்லை. மூலக்கூறு ஒன்றுதான், உடல்தான் வேறு.

இன்னொரு வேறுபாட்டையும் சொல்லியாக வேண்டும். சூழல் மாசு என்றதும் நாம் டிடிடியை எடுத்துக்காட்டி, உணவுச்சங்கிலியில் படிப்படியாகச் செறிவு கூடும் உயிரியப் பெருக்கத்தை விளக்குகிறோம். டைக்ளோஃபெனாக் அப்படிக் கொழுப்பில் தங்கிச் சேர்வதில்லை. மருந்து கொடுத்த சில நாள்களுக்குள் மாடு இறந்தால்தான் அதன் உடல் நஞ்சு. பிழைத்துவிட்டால் ஒன்றுமில்லை. நஞ்சு என்றாலே உடலில் சேர்ந்துகொண்டே போகும் என்று மாணவர்கள் பொதுமைப்படுத்துவதைத் திருத்த இது உதவும்.

நூற்றில் ஒன்றுகூட வேண்டாம்

சில நாள்களுக்குள் இறக்கும் மாடுகள் எத்தனை இருந்துவிடும்? அதற்காக ஓர் இனமே அழியுமா? அன்று பலர் எழுப்பிய ஐயம் இது. விடை கணக்கில் இருக்கிறது.

வகுப்புக்காகச் சில எண்களை எடுத்துக்கொள்வோம். இறந்த கால்நடைகளில் 200க்கு ஒன்றில் மட்டுமே மருந்து இருக்கிறது. ஒரு பாறு ஆண்டுக்கு 100 வெவ்வேறு உடல்களை உண்கிறது. ஒரு முறை உண்டு தப்பிக்கும் வாய்ப்பு 0.995. நூறு முறையும் தப்பிக்கும் வாய்ப்பு 0.995ஐ நூறு முறை பெருக்கினால் கிடைப்பது, அதாவது சுமார் 0.61. நூறு பறவைகளில் முதலாண்டு முடிவில் 61 இருக்கும். அடுத்தடுத்த ஆண்டுகளில் 37, 22, 13. ஐந்தாம் ஆண்டின் முடிவில் 8. பத்தாம் ஆண்டில் ஒன்றுகூடத் தேறாது. பாறு ஆண்டுக்கு ஒரே ஒரு முட்டைதான் இடும். குஞ்சு வளர்ந்து இனப்பெருக்கம் செய்ய ஐந்து ஆண்டுகள் ஆகும். இழப்பை ஈடுகட்ட வழியே இல்லை.

இவை நான் கணக்குக்காக எடுத்த எண்கள். ஆய்வாளர்கள் செய்த விரிவான கணிப்பும் இதையே காட்டியது: நூற்றில் ஒன்றுக்கும் குறைவான உடல்களில் மருந்து இருந்தாலே, கண்ட சரிவு முழுவதையும் விளக்கிவிடலாம். பின்னர் இந்தியாவின் பல மாநிலங்களில் இறந்த கால்நடைகளின் கல்லீரலைச் சோதித்தபோது, உண்மையில் நூற்றில் பத்தளவில் டைக்ளோஃபெனாக் இருந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் கெட்டவர் என்று யாரும் இல்லை என்பதையும் மாணவர்களிடம் சொல்ல வேண்டும். உழவுமாடு கால் நொண்டுகிறது, கறவைமாட்டுக்கு மடிவீக்கம், காய்ச்சல். வலியில் துடிக்கும் மாட்டைப் பார்க்கப் பொறுக்காமல் மருந்து கொடுத்தார்கள். மருந்து கொடுத்தவர் கருணையால் கொடுத்தார். செய்தவர் நல்லவரா என்பதை மட்டும் வைத்து ஒரு செயலின் விளைவை அளந்துவிட முடியாது. ஆய்வு தேவைப்படுவது அதனால்தான்.

பாறு போனால் நமக்கென்ன?

பாறுகளின் வயிற்று அமிலம் மிகக் கடுமையானது. அழுகிய இறைச்சியிலுள்ள பல கிருமிகள் அதில் தாக்குப்பிடிப்பதில்லை. பாறுகள் இல்லாதபோது உடல்கள் கிடந்து அழுகின. அவற்றை உண்டு தெருநாய்கள் பெருகின. நாய்கள் பெருகினால் நாய்க்கடியும் வெறிநாய்க்கடி நோய் ஆபத்தும் கூடும். உடல்கள் கிடக்கும் நீர்நிலைகள் மாசடையும்.

இதன் மனித விலையைப் பொருளியலாளர்கள் ஐயால் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் இருவரும் கணக்கிட முயன்றார்கள். முன்பு பாறுகள் மிகுதியாக வாழ்ந்த மாவட்டங்களையும் அவை அதிகம் வாழாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். 2000 முதல் 2005 வரை இந்தியாவில் ஏறத்தாழ ஐந்து லட்சம் கூடுதல் மனித இறப்புகள் பாறுகளின் மறைவோடு தொடர்புடையவை என்பது 2024இல் வெளியான அவர்களின் மதிப்பீடு. இறந்தவற்றைத் தின்னும் பறவை என்று நாம் முகம் சுளிக்கும் ஒன்று, நம் உயிரைக் காத்துக்கொண்டிருந்தது.

தடையும் மாற்றும்

இந்தியா 2006இல் கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. அதே ஆண்டில் பாகிஸ்தானும் நேபாளமும் தடைசெய்தன. ஆனால் மாட்டின் வலிக்கு என்ன செய்வது? தடை மட்டும் போதாது என்பதை உணர்ந்த ஆய்வாளர்கள் மாற்று மருந்தைத் தேடினார்கள். மெலாக்சிகாம் என்ற வலிநிவாரணி பாறுகளுக்குத் தீங்கு செய்யவில்லை என்பது 2006இல் தெரியவந்தது. மெலாக்சிகாமும் ஆய்வகத்தில் உருவான கரிமச் சேர்மம்தான். வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டாகிளாண்டின்கள் உருவாவதைத்தான் அதுவும் தடுக்கிறது. சிக்கலுக்குத் தீர்வு 'ரசாயனமே வேண்டாம்' என்பதிலிருந்து வரவில்லை. எந்த ரசாயனம் என்று சோதித்துப் பார்த்ததிலிருந்து வந்தது.

தடைக்குப் பிறகும் மனிதர்களுக்கான பெரிய டைக்ளோஃபெனாக் ஊசிமருந்துப் புட்டிகளை வாங்கி மாடுகளுக்குப் போடும் வழக்கம் தொடர்ந்தது. ஆகவே 2015இல் மனிதர்களுக்கான ஊசிமருந்தை ஒரு வேளைக்கான 3 மில்லிலிட்டர் அளவில் மட்டுமே விற்க வேண்டும் என்று மத்திய அரசு வரம்பிட்டது. அதை எதிர்த்த வழக்கில் 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த வரம்பு செல்லும் என்று தீர்ப்பளித்தது.

இடையில் அசிகுளோஃபெனாக் என்ற மருந்தும் சந்தேகத்துக்கு உள்ளானது. அது பாதுகாப்பான மாற்றாகத் தோன்றியது. ஆனால் மாட்டின் உடலுக்குள் சென்றதும் வளர்சிதை மாற்றத்தில் டைக்ளோஃபெனாக்காக மாறிவிடுகிறது என்று கண்டறிந்தார்கள். பெயரை மாற்றிக்கொண்டு அதே ஆள் கொல்லைவழியாக வந்த கதைதான். கீட்டோபுரோஃபென், அசிகுளோஃபெனாக் இரண்டையும் கால்நடைப் பயன்பாட்டுக்கு இந்தியா 2023இல் தடைசெய்தது.

நம் மாநிலத்தில்

செங்கல்பட்டு மாவட்டத்தில் திருக்கழுக்குன்றம் என்ற ஊரின் பெயரிலேயே கழுகு இருக்கிறது. நண்பகலில் மலைக்கோயிலுக்கு வந்து அர்ச்சகர் தரும் பொங்கலை உண்ட இரு வெள்ளைப் பறவைகளைப் பார்த்த நினைவு நம்மில் பலருக்கு இருக்கும். அவை மஞ்சள்முகப் பாறுகள். 1990களின் இறுதிக்குப் பின் அவை வருவதில்லை. இன்றைய மாணவர்களுக்கு அது தாத்தா பாட்டி சொல்லும் கதை.

ஆனால் பாறுகள் தமிழ்நாட்டை விட்டு முற்றிலும் போய்விடவில்லை. நீலகிரிக்கும் ஈரோட்டுக்கும் இடையே மாயாற்றுப் பள்ளத்தாக்கில், முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களை ஒட்டி, வெண்முதுகுப் பாறுகள் இன்றும் உயர்ந்த மரங்களில் கூடுகட்டுகின்றன. நீள அலகுப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு ஆகியவற்றையும் அங்கே காணலாம். தென்னிந்தியாவில் எஞ்சியிருக்கும் மிக முக்கியமான வாழிடம் அது. 2022இல் தமிழ்நாடு அரசு பாறு கழுகுகளின் பாதுகாப்புக்கென மாநில அளவிலான குழுவையும் அமைத்தது. அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு மாட்டுக்குப் போடப்படும் ஊசி, அங்கிருக்கும் பறவைகளின் வாழ்வைத் தீர்மானிக்கக்கூடும். அவ்வூர்ப் பள்ளிகளில் பணிபுரியும் ஆசிரியர்களுக்கு இது தொலைதூரச் செய்தி இல்லை.

வகுப்பறையில் செய்துபார்க்க

*தொடக்க வகுப்புகளில்:* 'காட்டில் ஒரு மான் இறந்துவிட்டது, அடுத்து என்ன நடக்கும்?' என்று கேட்டுக் குழந்தைகளைப் படம் வரையச் சொல்லலாம். எறும்பு, காகம், நரி, பாறு என்று வரிசையாக வருவார்கள். பாறு இல்லாத இரண்டாவது படத்தையும் வரையச் சொல்லுங்கள். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அவர்களே பேசட்டும். வீட்டுப் பெரியவர்களிடம் கழுகு பார்த்த கதையைக் கேட்டு வந்து சொல்வதும் நல்ல மொழிப் பயிற்சி.

*6 முதல் 8 வரை:* துப்பறியும் விளையாட்டு. நோய், பட்டினி, பூச்சிமருந்து, உலோகம், வேட்டை, மருந்து என்று ஆறு அட்டைகள். ஒவ்வொரு குழுவுக்கும் ஓர் அட்டை. 'உன் அட்டை குற்றவாளி என்றால் என்ன தடயம் கிடைக்க வேண்டும்?' என்று கேளுங்கள். பிறகு மேலே சொன்ன தடயங்களை ஒவ்வொன்றாகக் கொடுங்கள். எந்த அட்டை எப்போது வெளியேறுகிறது என்பதைக் குழுவே முடிவுசெய்யட்டும்.

*9, 10ஆம் வகுப்புகளில்:* வடிதாளில் கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் புள்ளி வைத்து, அதன் அடிமுனையை நீரில் தொடுமாறு நிறுத்தினால் நிறங்கள் பிரிந்து மேலேறும். ஈரலில் கலந்திருக்கும் ஆயிரம் பொருள்களிலிருந்து ஒரு மருந்தைப் பிரித்தறிந்த கருவிகளின் அடிப்படையும் இந்த வண்ணப்பிரிகைதான். ஆய்வகக் கருவியைக் காணாத மாணவருக்கும் அதன் தத்துவம் கையில் கிடைத்துவிடும். 0.995 கணக்கைச் செய்துபார்த்து வரைபடத்தாளில் வரையச் சொல்லலாம். 200க்கு ஒன்று என்பதை 1000க்கு ஒன்று என்று மாற்றினால் வளைகோடு எப்படி மாறுகிறது என்று பார்க்கட்டும்.

*கால்நடை வளர்க்கும் ஊர்களில்:* வீட்டு மாட்டுக்குக் கடைசியாக என்ன மருந்து கொடுத்தார்கள், அட்டையில் என்ன பெயர் இருந்தது என்று மாணவர்கள் கேட்டு எழுதி வரலாம். கால்நடை உதவி மருத்துவரைப் பள்ளிக்கு அழைத்து, பாதுகாப்பான மாற்று மருந்துகள் பற்றிப் பேசச் சொல்லலாம். யாரையும் குற்றம் சாட்டாமல், அறிந்துகொள்வதற்காகக் கேட்கும் பழக்கத்தை இது வளர்க்கும்.

சில வாரங்களுக்குப் பிறகு இந்தக் கதையை அதே வகுப்பில் சொன்னேன். முடித்ததும் அந்த மாணவியைப் பார்த்து, "இப்போ சொல்லு, கரிமச் சேர்மம் நல்லதா, கெட்டதா?" என்றேன்.

சற்று யோசித்துவிட்டு, "அப்படிக் கேக்கக் கூடாது சார். யாருக்குன்னு கேக்கணும்" என்றாள்.

பின்வரிசையிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது: "எவ்வளவுன்னும் கேக்கணும் சார்."